அவஸ்தை கொடுத்தாச்சு

எங்கள் கோயில் பங்கு மக்களுக்கும், எங்கிருந்தோ இதைப் படிக்கிற உங்களுக்கும் நெல்லித்தோப்பு புஷ்பத்தின் வணக்கம். என் கணவர் சாகக் கிடந்தார். ஆஸ்பத்திரிக் கட்டிலில், மூச்சு விடவே திணறிக்கொண்டிருந்த நேரத்தில், அவர் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார். நான் மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். என் சாட்சியை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

அவர் பெயர் அருள்தாஸ். தண்ணீர் மோட்டார்களுக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். நான் டவுனில் ஒரு பேக்கரியில் பில் போடுகிறேன். எங்களுக்கு ஒரே மகள் ஜெனி. அப்போது காலாப்பட்டில் காலேஜ் படித்துக்கொண்டிருந்தாள். ஞாயிறு பூசையைத் தவறவிடாத, யார் வம்புக்கும் போகாத குடும்பம். அவர் யார் வம்புக்கும் போகமாட்டார் என்று திருத்திக்கொள்கிறேன். என்னைப் பற்றித் தெருவில் விசாரித்தால் வேறு மாதிரி சொல்வார்கள்.

முந்தின வருஷம், கிறிஸ்துமஸுக்கு முன்னால் வரும் திருவருகைக் காலம் தொடங்குகிற சமயத்தில் மழை பிடித்துக்கொண்டது. எங்கள் தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர் நின்றது. சாக்கடை எது, மழைத்தண்ணீர் எது என்று தெரியாத அளவுக்கு எல்லாம் ஒன்றாகிவிட்டது. தரையோடு வைத்திருந்த மோட்டார்கள் அத்தனையும் முங்கிப்போயின. மேலே டேங்குக்குத் தண்ணீர் ஏறவில்லை. மழை விட்டதும் ஆளுக்கு ஆள் இவரைத் தேடி வந்தார்கள். இவருக்கு முடியாது என்று சொல்லத் தெரியாது. லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். காலில் ஏற்கெனவே தகரம் வெட்டிய காயம் வேறு.

"தண்ணி வடியட்டுமேங்க. ரெண்டு நாள் கழிச்சிப் போனா என்னா?" என்றேன்.

"கைக்கொழந்தைய வச்சிக்கினு குடிக்கத் தண்ணி இல்லாம நிக்கிறாங்க புஷ்பம். போயிட்டு வந்துடறேன்" என்றார்.

போய்விட்டுத்தான் வந்தார். வந்த பிறகு சில நாளில் காய்ச்சல். மழையில் நனைந்த காய்ச்சல் என்று நாங்களே மாத்திரை வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தோம். பிறகு கெண்டைக்கால் இரண்டும் யாரோ முறுக்குகிற மாதிரி வலிக்கிறது என்று கத்தினார். கண் சிவந்தது, பிறகு மஞ்சளாயிற்று. சிறுநீர் போவது நின்றுவிட்டது. கோரிமேட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். எலிக் காய்ச்சல் என்றார்கள். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரில் நடந்தவர்களுக்கு, காயம் வழியாக உள்ளே போய் வருகிற நோயாம். சிறுநீரகம் இரண்டும் வேலை செய்யவில்லை, நுரையீரலிலும் இறங்கிவிட்டது, தீவிர சிகிச்சையில் வைக்க வேண்டும் என்றார்கள். அந்த டாக்டர் பிள்ளை நல்ல பிள்ளை. எதையும் மறைக்காமல் சொன்னான். பிழைப்பாரா என்று கேட்டேன். "பார்க்கலாம்மா" என்றான்.

நல்லது செய்யப் போனவருக்கு இப்படி வந்ததே என்றுதான் என் மனம் முதலில் கொதித்தது. குடித்துவிட்டு விழுந்தாரா? திருடப் போனாரா? அடுத்தவர் வீட்டுக் குழந்தைக்குத் தண்ணீர் ஏற்றிக் கொடுக்கத்தானே இறங்கினார்? அந்தத் தண்ணீரில் அவர் காலை வைத்தபோது ஆண்டவர் எங்கே பார்த்துக்கொண்டிருந்தார்? வார்டுக்கு வெளியே தரையில் பாயை விரித்து உட்கார்ந்துகொண்டு நான் செபமாலை சொல்லவில்லை. சண்டைதான் போட்டேன்.

ஆறுதல் சொல்ல வந்தவர்கள் என் கொதிப்பில் எண்ணெய் ஊற்றினார்கள். ஆண்டவர் உன்னைச் சோதிக்கிறார் என்றார் ஒருவர். அவருக்குப் பிரியமானவர்களைத்தான் இப்படி அடிப்பார் என்றார் இன்னொருவர். அப்படியானால் பிரியமே வேண்டாம் என்று சொல்லத் தோன்றியது. தூரத்துச் சொந்தக்கார அம்மா ஒருத்தி போனில், "வீட்டுல அறிக்கை செய்யாத பாவம் ஏதாவது இருக்குதான்னு யோசிச்சிப் பாரு" என்றாள். பேசிக்கொண்டிருக்கும்போதே போனை வைத்தேன். அன்றிலிருந்து யாருக்கும் எதுவும் சொல்லவில்லை. யாரும் ஆஸ்பத்திரிப் பக்கம் வரக் கூடாது என்று என் நாத்தனார் செலினிடம் கறாராகச் சொல்லிவிட்டேன். ஆஸ்பத்திரியில் ரத்தம் கொடுக்க ஆட்களை அழைத்து வரச் சொன்னார்கள். அதையும் வெளியில் சொல்லாமல் வைத்திருந்தேன். எனக்கு ரத்த சோகை, எடுக்கமாட்டோம் என்றார்கள். செலினுக்குச் சர்க்கரை. ஜெனி ஒருத்திதான் கொடுத்தாள். மற்ற ஆட்களுக்கு எங்கே போவது என்று தெரியாமல், யாரிடமும் போய் நிற்கவும் மனமில்லாமல் முழித்துக்கொண்டிருந்தேன்.

பக்கத்துப் பாயில் தனலட்சுமி அக்கா இருந்தார். விழுப்புரம் பக்கத்துக் கிராமம், விவசாயக் குடும்பம். அவர் மகனுக்கும் இதே காய்ச்சல். நடவு வயலில் நின்றபோது பிடித்துக்கொண்டதாம். அந்த அக்கா மட்டும்தான் என்னிடம் விளக்கம் எதுவும் சொல்லவில்லை. டீ வாங்கி வந்தால் எனக்கும் ஒன்று நீட்டுவார். எந்தச் சாமிக்கு என்ன வேண்டிக்கொண்டார் என்று சொல்லுவார். நான் கேட்டுக்கொண்டிருப்பேன்.

ஒரு நாள் காலையில் என்னை உள்ளே விட்டபோது என் கணவர் ஆக்சிஜன் மாஸ்க்குக்குள் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் மாஸ்க்கை இழுத்துவிட்டு, "சாமியாரை வரச் சொல்லு புஷ்பம். பூசச் சொல்லு" என்றார்.

நம் சபையைச் சேராதவர்களுக்கும், இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கும் இதைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். நோயாளியின் நெற்றியிலும் கையிலும் குருவானவர், எங்கள் பேச்சில் சாமியார், எண்ணெய் பூசிச் செபிப்பதற்கு இப்போது நோயில் பூசுதல் என்று பெயர். எங்கள் வீடுகளில் அதன் பழைய பெயர்தான் இன்னும் புழங்குகிறது. அவஸ்தைப்பூசுதல். பேச்சில் அதுவும் தேய்ந்து வெறும் அவஸ்தை ஆகிவிட்டது. ஒரு வீட்டில் 'அவஸ்தை கொடுத்தாச்சு' என்றால், பந்தலுக்குச் சொல்லிவிடலாம் என்று அர்த்தம். என் அப்பாவுக்கு அவஸ்தை கொடுத்துவிட்டுச் சாமியார் படியிறங்கி செருப்பைப் போடுவதற்குள் அப்பா போய்விட்டார். என் பெரியப்பாவுக்கும் அப்படித்தான். எண்ணெய்ச் சிமிழோடு சாமியார் ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் சின்ன வயதிலேயே நாங்கள் எதிர்ச்சாரிக்கு ஓடிவிடுவோம். அந்த எண்ணெய் சாவுக்குக் கொடுக்கிற சம்மதம் என்று என் எலும்பு வரைக்கும் ஊறிப்போயிருந்தது.

"சாவுறதுக்கா இங்க வந்து படுத்திருக்கீங்க? அதெல்லாம் ஒண்ணும் வேணாம்" என்றேன்.

"சாவுறதுக்கு இல்லடி" என்றார். மூச்சு வாங்கினார். பிறகு, "பயமா இருக்குது. அதுக்குத்தான் கேக்குறேன்" என்றார்.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்த மனிதர் பயம் என்ற வார்த்தையைச் சொல்லி நான் கேட்டதில்லை. மின்சாரத்தில் கை வைக்கிற தொழில். அவர் அப்படிக் கேட்டும் நான் மாட்டேன் என்று தலையாட்டினேன். மாஸ்க்கை எடுத்து மறுபடி மாட்டிவிட்டு வெளியே வந்துவிட்டேன். மத்தியானத்துக்குள் அவர் நிலைமை மோசமாகி, தொண்டையில் குழாய் போட்டு மெஷினில் வைத்துவிட்டார்கள். மயக்க மருந்து கொடுத்துவிட்டார்கள். இனி அவரால் எதுவும் கேட்க முடியாது.

அவர் பூசக் கேட்டதும் நான் மறுத்ததும் தெரிந்து ஜெனி என்னைப் பிடித்துக்கொண்டாள். அத்தை செலின் பக்கத்தில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா வாயத் தொறந்து கேட்டாரும்மா. நீ யாரு வேணாம்னு சொல்ல?"

"பூசுனா போயிடுவாருடி. ஒனக்குத் தெரியாது. நான் பாத்திருக்கேன்."

"பூசலன்னா மட்டும் இருந்துடுவாருன்னு யாரு எழுதிக் குடுத்தா?"

"அண்ணி, ஃபாதரைக் கூப்பிடட்டுமா?" என்றாள் செலின்.

"கூப்பிட்டா அப்புறம் ஒனக்கும் எனக்கும் ஒண்ணும் இல்ல" என்று சொல்லிவிட்டு எழுந்தேன். கையில் பையைக்கூட எடுக்கவில்லை. பஸ் ஸ்டாப்பில் நின்ற முதல் பஸ்ஸில் ஏறி, எங்கள் பங்குக் கோயிலுக்கு வந்து இறங்கினேன்.

கோயிலில் யாரும் இல்லை. கிறிஸ்துமஸ் குடில் கட்டுவதற்காக வைக்கோலும் மூங்கிலும் ஓரமாகக் குவித்து வைத்திருந்தார்கள். பீடத்துக்கு முன்னால் போய் நின்றேன். முழங்கால் போடவில்லை. சிலுவையில் தொங்குகிறவரைப் பார்த்து வாயில் வந்ததையெல்லாம் கேட்டேன். சத்தமாகவே கேட்டிருக்கிறேன் போலிருக்கிறது. பூசை உடுப்பு மாற்றும் சக்ரீஸ்து அறையிலிருந்து பங்குத் தந்தை வெளியே வந்து, கொஞ்ச தூரத்தில் பெஞ்சில் உட்கார்ந்தார்.

எல்லாவற்றையும் சொன்னேன். என் கணவர் கேட்டதையும் நான் மறுத்ததையும் சொன்னேன்.

"ஏன் ஃபாதர் அவருக்கு இது? எதுக்காக? ஒரு காரணம் சொல்லுங்க, போதும்."

"எனக்குத் தெரியாதும்மா" என்றார். ஏதாவது பிரசங்கம் வரும் என்று எதிர்பார்த்த எனக்கு அது பெரிய நிம்மதியாக இருந்தது. இத்தனை நாளில் தெரியாது என்று சொன்ன முதல் ஆள் அவர்தான்.

பிறகு கேட்டார். "அவஸ்தைன்னா என்னாம்மா?"

"சாவுறப்ப பூசுறது."

"அந்த வார்த்தைய நீங்க வேற எங்கயும் சொல்றதில்லையா?"

யோசித்தேன். பல்வலியில் சொல்வோம். கூட்டமான பஸ்ஸில் நின்றுகொண்டு வந்தால் சொல்வோம். இந்த ஆஸ்பத்திரித் தரையில் உட்கார்ந்துகொண்டு தினமும் நானே சொன்னேன். அவஸ்தைப்படுகிறோம் என்று.

"படுற அவஸ்தைக்குத்தாம்மா அந்த எண்ணெய். சாவுக்குன்னு நாமதான் ஆக்கிட்டோம். கடைசி மூச்சுல கூப்பிட்டா, கடைசி மூச்சுலதானே வர முடியும்?" என்றார். "நான் வர்றேன். ஆனா பொழச்சிடுவாருன்னு வாக்கு குடுக்க மாட்டேன். அது என் கையில இல்ல. அவர் அவஸ்தையில தனியா இல்லன்னு சொல்லத்தான் நான் வரணும்."

எனக்குத் தைரியம் வந்து சம்மதித்தேன் என்று நினைக்காதீர்கள். என் கணவர் பயமாக இருக்கிறது என்று சொன்னது காதிலேயே நின்றது. நானும் பயந்துபோய் அவரை விட்டுவிட்டு ஓடி வந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. வாங்க ஃபாதர் என்றேன்.

அவருடைய பைக்கிலேயே பின்னால் உட்கார்ந்து போனேன். ஆஸ்பத்திரியில் கேட்டதும் சீக்கிரம் முடித்துக்கொள்ளச் சொல்லி எங்களை உள்ளே விட்டார்கள். நர்ஸ் பொண்ணு அவர் விரலில் மாட்டியிருந்த கிளிப்பைக் கழற்றி வேறு விரலில் போட்டு இடம் கொடுத்தாள். ஃபாதர் நெற்றியில் பூசினார். பிறகு உள்ளங்கைகளில் பூசினார். வார்னிஷ் ஏறிக் கறுத்த கைகள், எத்தனை சோப்புப் போட்டாலும் வெளுக்காத கைகள். அந்தக் கையை என்னைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். நான் வேண்டிக்கொள்ள நினைத்தது, பிழைக்க வையும் என்பதுதான். வாயில் வந்தது வேறு. 'இங்கயே இருங்க. எங்கயும் போயிடாதீங்க' என்றுதான் சொன்னேன். என் கணவருக்குச் சொன்னேனா, ஆண்டவருக்குச் சொன்னேனா என்று எனக்கே தெரியவில்லை.

நான் செருப்பு மாட்டும் சத்தத்துக்குக்கூடப் பயந்துகொண்டுதான் வெளியே வந்தேன். மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. ஒன்றும் நடக்கவில்லை. கொஞ்ச நேரம் பொறுத்து, மாற்றுத் துணி எடுத்து வருவதற்காக ஜெனியையும் செலினையும் அங்கே இருக்கச் சொல்லிவிட்டு நான் மட்டும் வீட்டுக்குக் கிளம்பினேன்.

ஆட்டோ எங்கள் தெருவுக்குள் திரும்பியது. எங்கள் வீட்டு வாசலில் சாமியானா கட்டியிருந்தது.

பிளாஸ்டிக் நாற்காலிகள் தெருவை அடைத்துக்கொண்டு கிடந்தன. எங்கள் தெருச் செபக் குழுவான அன்பியத்துப் பெண்கள் தலையில் முக்காட்டோடு, கையில் செபமாலையோடு உட்கார்ந்திருந்தார்கள். எதிர்வீட்டு முசே பெரிய ரோஜா மாலையோடு நின்றுகொண்டிருந்தார். அவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷனில் வந்தவர். தெருவே அவரை முசே என்றுதான் கூப்பிடும். என்னைக் கண்டதும் எல்லோரும் ஓவென்று அழுதார்கள். நாலைந்து பேர் ஓடி வந்து கட்டிக்கொண்டார்கள்.

அந்த நிமிஷத்தில் நான் செத்துப் பிழைத்தேன். நான் ஆட்டோவில் வருகிற நேரத்துக்குள் அவர் போய்விட்டார், எனக்கு முன்னால் இவர்களுக்குச் சொல்லிவிட்டார்கள் என்றே நினைத்தேன். பூசினால் போய்விடுவார் என்று தெரிந்தும் பூச விட்டேனே என்று நெஞ்சில் அடித்துக்கொண்டேன். யாரோ ஜெனிக்குப் போன் போட்டு என் காதில் வைத்தார்கள்.

"அப்பா அப்படியேதாம்மா இருக்காரு. இப்பதான் பாத்துட்டு வந்தேன். ஏன் அழுவுற?" என்றாள் ஜெனி.

போனைக் கீழே இறக்கினேன். "யாரு செத்தது?" என்று போட்ட சத்தத்தில் தெருக்கோடி வரைக்கும் திரும்பிப் பார்த்தது.

அழுகை பட்டென்று நின்றது. முசேதான் தயங்கித் தயங்கி வாயைத் திறந்தார். "அவஸ்தை குடுத்தாச்சுன்னு செலின் போன்ல சொல்லிச்சாம்மா. சொல்லிட்டு ஒரே அழுவையாம். லைன் கட்டாயிடுச்சாம். அதான்..."

"குடுத்தாச்சு! அவஸ்தை குடுத்தா செத்துத்தான் ஆவணுமா? எந்த ஊரு சட்டம் இது?" என்று கத்தினேன்.

கத்திய பிறகுதான் என் வாயிலிருந்து வந்தது என்ன என்று எனக்கே கேட்டது. அன்று காலை வரை அந்தச் சட்டத்தை நான்தான் கையில் வைத்திருந்தேன். அப்படியே நின்றுவிட்டேன். கோயில்பிள்ளை துக்க மணி அடிக்கக் கிளம்பிவிட்டார் என்று ஒரு பெண் நினைவுபடுத்த, இரண்டு பேர் அவரைத் தடுக்க ஓடினார்கள். சவப்பெட்டிக் கடைக்குப் போன் செய்து, அவர் உயரம்கூடச் சொல்லிவிட்டார்களாம்.

"அப்ப இந்த மாலைய என்னா பண்றது?" என்றார் முசே.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போன நாளிலிருந்து அதுதான் முதல் சிரிப்பு. சிரிக்க ஆரம்பித்தவள் அழ ஆரம்பித்து, சாவுக்குப் போட்ட நாற்காலி ஒன்றிலேயே உட்கார்ந்துவிட்டேன். அழுகையோடு அழுகையாக எல்லாவற்றையும் கொட்டினேன். சிறுநீரகம் நின்றது, குழாய் போட்டது, ரத்தத்துக்கு ஆள் கிடைக்காமல் தவிக்கிறது, எல்லாம்.

"ரத்தத்துக்கு ஆள் வேணும்னா ஏம்மா எங்ககிட்ட சொல்லல?" என்றார் முசே. அவர் குரலில் நிஜமாகவே கோபம் இருந்தது. "எங்க வீட்டு மோட்டாரைத் தூக்கத்தானே அவன் மொதல்ல தண்ணியில எறங்குனான்?"

"சொன்னா வருவீங்க. வந்து சோதனை, தண்டனைன்னு பேசுவீங்க. எனக்குத் தாங்கல."

என்னிடம் அப்படிப் பேசியவர்களில் இரண்டு பேர் அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ஒருத்தி மெதுவாக எழுந்து வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, "இனிமே பேச மாட்டோம் புஷ்பம்" என்றாள். பிறகு முசே பட்டாளத்துக்காரர் ஆகிவிட்டார். சர்க்கரை, ரத்தக்கொதிப்பு இருக்கிறவர்களைத் தள்ளி நிற்கச் சொல்லி, மற்றவர்களை ஆட்டோக்களில் ஏற்றினார். துக்கத்துக்கு வந்த உடுப்போடு, எங்கள் தெரு ஆண்களும் பிள்ளைகளும் கோரிமேட்டுக்கு ரத்தம் கொடுக்கப் போனார்கள். பெண்கள் சாமியானாவைப் பிரிக்க விடவில்லை. அங்கேயே உட்கார்ந்து, இறந்தவர்களுக்கான செபத்தை மடித்து வைத்துவிட்டு, உயிரோடு இருக்கிறவருக்காகச் செபமாலை சொன்னார்கள். மாலையைத் தெருமுனையில் மாதா சிலை வைத்த கெபியில் சாத்தினோம்.

உடனே புதுமை, அற்புதம் நடந்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். நடக்கவில்லை. அதன் பிறகும் அவர் பல நாள் மெஷினில்தான் இருந்தார். டயாலிசிஸ் செய்தார்கள், ரத்த அணு ஏற்றினார்கள். ஒரு நாள் கொஞ்சம் தேறுவார், மறுநாள் இறங்கிவிடுவார். மாறியது ஒன்றுதான், நான் தனியாக இல்லை. யாராவது ஒருவர் பக்கத்துப் பாயில் வந்து உட்கார்ந்துவிட்டுப் போனார்கள். சாப்பாடு வந்தது. தனலட்சுமி அக்காவுக்கும் சேர்த்தே வந்தது. அவர் மகனுக்கு ஆள் தேவைப்பட்டபோது எங்கள் தெருக்காரர்களே அவனுக்கும் ரத்தம் கொடுத்தார்கள்.

ஒரு நாள் காலையில் நர்ஸ் வெளியே வந்து, "அருள்தாஸ் வீட்டுக்காரங்க யாரு? அவருக்கு யூரின் வந்திருக்கு" என்றாள். உள்ளே ஓடிப் பார்த்தேன், பையில் அரைக்கால்வாசிதான் இருந்தது. கறுத்த டீத் தண்ணீர் மாதிரி இருந்தது. அதைப் பார்த்து நான் தரையில் முழங்கால் போட்டுவிட்டேன். சிறுநீருக்காக ஆண்டவருக்கு நன்றி சொன்ன பெண்கள் நம் பங்கில் எத்தனை பேர் இருக்கிறீர்கள் என்று தெரியாது. நான் ஒருத்தி இருக்கிறேன்.

எழுந்து வெளியே ஓடி வந்து தனலட்சுமி அக்காவிடம் சொல்லப் போனேன். அவர் பாயில் இல்லை. வார்டு வாசலில் சுவரோடு சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். அவர் கணவர் யாருக்கோ போன் செய்துகொண்டிருந்தார். அவர்கள் மகன் போய்விட்டான்.

இதை எழுதாமல் விட்டிருந்தால் என் சாட்சி கேட்பதற்கு நன்றாக இருந்திருக்கும். ஆனால் அது பொய்ச் சாட்சியாக இருந்திருக்கும். அந்த அக்காவும் என்னைப் போலத்தான் வேண்டினார். என்னைவிட நன்றாகவே வேண்டினார், சண்டைகூடப் போடவில்லை. என் வாயில் இருந்த சந்தோஷத்தை அப்படியே விழுங்கினேன். கட்டிக்கொண்டேன். என் செபம் கேட்கப்பட்டது, உன் செபம் கேட்கப்படவில்லை என்று எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது?

ஜனவரியில் வரும் மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்துதான் இவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆள் பாதியாகிவிட்டார். இன்னும் கால்களில் பழைய பலம் இல்லை. கடையில் உட்கார்ந்து காயில் கட்டுவார், மோட்டாரைத் தூக்க ஆள் வேண்டும். குழாய் எடுத்த பிறகு குரல் வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "பூசுனாங்களா?" என்பதுதான். பூசியாச்சு என்றேன். தான் கேட்டதும் நான் மறுத்ததும் அவருக்கு ஞாபகம் இருந்தது. "ரொம்ப பயந்துட்டியா?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன்.

கொஞ்சம் நடக்க முடிந்ததும் அவரே சொன்னார் என்று தனலட்சுமி அக்காவின் ஊருக்குப் போனோம். பழத்தை வாங்கிக்கொண்டு பஸ்ஸில் போனோம். அக்கா எங்களை வாசலில் பார்த்ததும் உள்ளே வரச் சொன்னார். இவரை மேலும் கீழும் பார்த்தார். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை. பிறகு என்னிடம் கேட்டார்.

"ஒரே காய்ச்சல், ஒரே ஆஸ்பத்திரி, ஒரே மருந்து. ஒங்க சாமி ஒங்க வீட்டுக்காரரைப் பாத்தாரு. எம்புள்ளைய ஏன் பாக்கல தங்கச்சி?"

எனக்குச் சொல்லப்பட்ட பதில்கள் எல்லாம் ஞாபகத்துக்கு வந்தன. ஒன்றைக்கூட நாக்கில் எடுக்கவில்லை. "தெரியலக்கா" என்றேன். இவர் ஊன்றி வந்த குச்சியை ஓரமாக வைத்துவிட்டுத் தரையில் அக்கா பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் அழுது முடிக்கும்வரை மூன்று பேரும் அப்படியே இருந்தோம். கிளம்பும்போது சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். சாப்பிட்டோம். இப்போதும் போய் வருகிறோம்.

துன்பத்துக்குக் கடவுளின் நோக்கம் என்ன என்று என்னைக் கேட்கிறார்கள். காய்ச்சலை அவர் அனுப்பினார் என்று நான் சொல்லமாட்டேன். நான் பாடம் படிப்பதற்காக என் கணவரை மெஷினில் படுக்க வைத்தார் என்றால், அந்தப் பாடம் எனக்கு வேண்டாம். நான் விசுவசிப்பது இவ்வளவுதான். நாம் ஆராதிக்கிறவரும் சிலுவையில் அறைபடுவதற்கு முந்தின ராத்திரி பயந்தார், வியர்த்தார், கூட இருங்கள் என்று சிநேகிதர்களைக் கெஞ்சினார், அவர்கள் தூங்கிவிட்டார்கள். அந்தத் தனிமை எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும். அதனால்தான் நம்முடைய அவஸ்தைக்குள் யாரையாவது அனுப்பி வைத்துக்கொண்டே இருக்கிறார். சில நேரம் எண்ணெயோடு அனுப்புகிறார். எங்கள் வீட்டுக்குத் தப்பான சேதியைக் கேட்டு, கையில் மாலையோடு வந்தவர்களை அனுப்பினார். நான் கோயிலில் நின்று கேட்ட கேள்விக்குப் பதில் கிடைக்கவில்லை. இங்கேயே இருங்கள் என்று கேட்டதற்குக் கிடைத்தது. தனலட்சுமி அக்காவின் கேள்வியை நான் தினமும் செபத்தில் அவரிடம் கொண்டுபோய் வைக்கிறேன். கோபமாகவே வைக்கிறேன். அவர் எழுந்து போகவில்லை, கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார் என்று நம்புகிறேன்.

இப்போது நோயாளிகளைப் பார்க்க ஃபாதர் போகும்போது நானும் கூடப் போகிறேன். எங்களை வாசலில் பார்த்ததும் நம் ஆட்களுக்கு முகம் வெளுத்துவிடுகிறது. போன வாரம் ஒரு வீட்டில் மருமகள் கதவைப் பாதி சாத்திக்கொண்டு, "அவருக்கு அவ்ளோல்லாம் ஒண்ணும் ஆவலக்கா, நீங்க போங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டாள். உள்ளே அவள் மாமனார் வலியில் முனகுவது எங்களுக்குக் கேட்டது. அவள் பயம் எனக்குத் தெரியும். திட்ட மனம் வரவில்லை. மறுநாள் நான் மட்டும் போய், அவளோடு அடுப்படியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொடுத்துவிட்டு வந்தேன். நேற்று அவளே போன் செய்தாள். மாமா கேட்கிறார், ஃபாதரை அழைத்து வருகிறீர்களா என்றாள். பூசிவிட்டு வந்தோம். அவர் பிழைப்பாரா என்று எங்களுக்குத் தெரியாது. பூசும்போது அந்தப் பெரியவர் மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார், அவளும் விடவில்லை.

உங்கள் வீட்டிலும் ஒருவர் படுத்திருக்கலாம். கேட்கத் தெரியாமலோ, கேட்டும் நீங்கள் மறுத்ததாலோ சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருக்கலாம். கடைசி மூச்சு வரைக்கும் காத்திருக்காதீர்கள். ஆண்டவரை நம்பி இன்றைக்கே கூப்பிடுங்கள். நாங்கள் வந்து கதவைத் தட்டினால் சாவு வந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். உள்ளே ஒருவர் பயந்துபோய்க் கிடக்கிறார், அவர் பக்கத்தில் உட்காரத்தான் வருகிறோம். கதவைத் திறங்கள்.